வடக்குப் பக்கத்து நட்டு

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. மொளகாய் அரைக்கோணுமா? அந்தத் தூக்குப்போசியை அப்படி பெஞ்சு மேல வெச்சுருங்க. கரண்டு இல்லீங்க. நீங்க தெருமுக்குத் திரும்பறப்பத்தான் புடுங்குனான். வந்துரும், ஞாயித்துக்கெழமையில ரொம்ப நேரம் நிறுத்தமாட்டான். இருங்க, இந்த ஸ்பேனரைப் பெட்டியில போட்டுட்டு வாரேன். கையெல்லாம் கிரீசு.

உக்காருங்க. மாவு படியாத எடமாப் பாத்து உக்காருங்கன்னு சொல்லலாம்னா இந்த மில்லுல அப்படி ஒரு எடமே இல்ல. நீங்க அந்த மாடி வீட்டுக்குப் புதுசாக் குடி வந்தவியதானே? வேலைக்குப் போறீங்களாமே. நம்மூரு கெவர்மெண்டு ஸ்கூலுக்கா? என்ன பாடம் எடுக்கறீங்க? பாடம் எடுக்கலியா? பத்தாவது, பன்னெண்டாவது புள்ளைங்களுக்கு எந்தப் படிப்பு ஆகும், எந்தத் தொழில் ஆகும்னு பாத்துச் சொல்லறதா.

ஓ. அப்ப நீங்க அந்த ரெஜினா மேடத்துக்குப் பதிலா வந்தவிய.

இல்ல, எந்திரிக்காதீங்க. மொளகாய் அரைச்சுத்தான் தருவேன். உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீங்க வந்து கொஞ்ச நாள்தானே ஆச்சு, இன்னும் யாரு குடியையும் கெடுத்திருக்க மாட்டீங்க. ஆனா வந்தது வந்துட்டீங்க, கரண்டும் இல்ல, ஒரு விசயம் கேட்டுக்கிட்டுப் போங்க. நாளைக்கு உங்களுக்கு உதவும்.

எனக்கு ரெட்டைப் புள்ளைங்க. ஒண்ணு பொண்ணு, ஒண்ணு பையன். சுகன்யா, சுதாகரு. ரெண்டும் உங்க ஸ்கூல்லதான் பத்தாவது படிச்சுதுங்க. பாஸு பண்ணிருச்சுங்க, அதுக்கு மேல கேக்காதீங்க. டாக்டருக்குப் படிக்கற மூளை எங்க வம்சத்துலயே கிடையாது. எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டறவரு, வூட்டுக்கு வந்தா விருந்தாளி. நீயே பாத்துச் செய்யின்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு நாக்பூருக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டாரு. பாத்துச் செய்யறதுக்கு இங்க நான் ஒருத்தி இருக்கறனே.

பரீட்சைக்கு முன்னாடி ஒருநா உங்க ரெஜினா மேடம் புள்ளைங்களுக்குப் பொருத்தம் பாத்தாங்க. ஆமாங்க, அப்படித்தான் சொன்னாங்க, எந்தப் புள்ளைக்கு எந்தத் தொழில் பொருத்தம்னு பாக்கறோம்னு. என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? ஒரு ரூமுல மேசை மேசையாப் போட்டு, ஒண்ணுல சைக்கிள் செயினும் பல்சக்கரமும், ஒண்ணுல துணி, ஊசி, நூலு, இன்னொண்ணுல வெங்காயம், தக்காளி, கத்தி, அப்பறம் வயரு பல்புன்னு எல்லாத்தையும் பரப்பி வெச்சு, புள்ளைங்களை உள்ள விட்டு, எதை வேணா எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டு இவிய ஓரமா நின்னு எழுதறாங்களாம். ஆட்டுக்குட்டிய அவுத்துவிட்டுட்டு எந்தச் செடியக் கடிக்குதுன்னு பாக்கறாப்பல. இதுக்கு ஒரு படிப்பு, இதுக்கு ஒரு சம்பளம், கழுத்துல ஒரு அட்டை. அது பத்தாதுன்னு ஒரு கேள்வித்தாளு வேற, உனக்கு எது புடிக்கும், எது புடிக்காதுன்னு. புடிக்கறது புடிக்காததை வெச்சா மனுசன் பொழைக்கறான்? எனக்குத்தான் இந்த மில்லு புடிக்குமா?

அப்பறம் பெத்தவியளைக் கூப்புட்டாங்க. கடையைச் சாத்திட்டுப் போனேன், நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு. ரெஜினா மேடம் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, “உங்க பொண்ணு சுகன்யாவுக்கு மெசின் வேலை நல்லா வரும்மா. ஐடிஐயில ஃபிட்டரோ மோட்டார் மெக்கானிக்கோ சேத்துவிடுங்க. பொண்ணுங்களுக்குன்னே தனியா சீட்டு இருக்கு. பையன் சுதாகரைக் கேட்டரிங்ல விடுங்க. அவனுக்குக் கைப்பக்குவம் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. என்ன நடந்துருக்கும்னு சட்டுனு புரிஞ்சுருச்சு. பேப்பரை மாத்திட்டாங்க! ரெண்டு பேருக்கும் ஒரே இனிசியலு, ரெண்டு பேரும் ‘சு’, ஒரே பொறந்தநாளு, பக்கத்து பக்கத்து நம்பரு. மாறாம என்ன பண்ணும்? பதமாத்தான் சொன்னேன், “மேடம், மாத்திப் படிக்கறீங்க. ஃபிட்டரு பையனுக்கு, சமையலு பொண்ணுக்கு. அதுவும் சமையலு வேண்டாம், தையல்னு போடுங்க.”

“இல்லம்மா, பேரைப் பாத்துத்தான் சொல்றேன்.”

“பேரே மாறிப் போச்சுங்கறேன்.”

“பேப்பர் மாறலாம்மா. நான் கண்ணால பாத்தேனே. அந்தச் செயினைக் கழட்டி மாட்டுனது உங்க பொண்ணு. வெங்காயத்தை அத்தனை பொடிசா அரிஞ்சது உங்க பையன்.”

கண்ணால பாத்தாங்களாம். பெத்த எனக்கே சின்னதுல ரெண்டையும் மொட்டையடிச்சு விட்டா எது எதுன்னு தெரியாது. இவிய ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கண்டுபுடிச்சுட்டாங்க. படிச்சவியகிட்ட ஒரு வியாதிங்க, தப்புன்னு தெரிஞ்சாலும் இறங்கி வரமாட்டாங்க. உங்களைச் சொல்லல.

சரி, இந்தம்மாகிட்டப் பேசி ஆகறதில்லைன்னு சோசியரைப் போய்ப் பாத்தேன். நம்ம மடத்துப்பாளையத்துக்காரரு, கைராசிக்காரரு. ரெண்டு சாதகத்தையும் முன்னால வெச்சு, எந்தத் தொழிலு அமையும்னு கேட்டேன். அவரு கட்டத்தைப் பாத்துக் கூட்டிக் கழிச்சு, பொண்ணுக்கு இரும்பு சம்பந்தப்பட்ட தொழிலு, பையனுக்கு அன்னம் சம்பந்தப்பட்ட தொழிலுங்கறாரு. பாருங்க, அவரும் மாத்திப் பாத்துட்டாரு! ரெட்டைப் புள்ளை சாதகம்னா அப்படித்தானுங்க, ஒண்ணு பொறந்து தொப்புள்கொடி அறுக்கறதுக்குள்ள இன்னொண்ணு வந்துருச்சு. “சாமி, இதை அங்க வெச்சு, அதை இங்க வெச்சுப் படிங்க”ன்னேன். அந்த மனுசனுக்கு வறட்டுக் கெவுரதை கிடையாது, மாத்தி வெச்சுப் படிச்சாரு. பையனுக்கு இரும்புன்னு வந்துச்சு. சரியாப் போச்சு. ரெஜினா மேடத்துக்கு அந்தப் புத்தி இருந்தா இந்தப் பேச்சே இல்ல.

என்னங்க சிரிக்கறீங்க? கேக்கறதைக் கேளுங்க. நீங்களே மில்லு ஓட்டறீங்களே, பொண்ணு மெசின் வேலை செஞ்சா என்னன்னுதானே? ரெஜினா மேடமும் இதைத்தான் கேட்டாங்க. இது வேற, அது வேறங்க. இது எங்க மாமனாரு வெச்ச மில்லு. அவரு படுக்கையில விழுந்தப்பறம் பூட்டிப் போட மனசில்லாம நான் வந்து நின்னேன். பெல்ட்டு மாட்டறது, கல்லு கொத்தறது, மோட்டாருக்குக் கிரீசு வெக்கறதுன்னு கண்டதையும் செய்யறேன். அதெல்லாம் ஒரு தொழிலா? வயித்துப்பாடு. தொழிலுன்னா ஆம்பளைங்க யூனிபாரம் போட்டுக்கிட்டு செய்யறது.

அம்மிணி, என்ற கையைப் பாருங்க. இந்த நகக்கண்ணுல இருக்கற கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. என்ற சொந்தத் தங்கச்சி வூட்டு சீரு, பந்தியில எல்லாரும் பரிமாறறாங்க. நானும் சாம்பார் வாளியத் தூக்குனேன். அவ மாமியா என்ற கையைப் பாத்துட்டு, “நீ உக்காரு ஆத்தா, மத்தவிய போடட்டும்”னா. மருவாதியாத்தான் சொன்னா. வாளியக் கீழ வெச்சுட்டு வந்து உக்காந்தேன். அன்னைக்கே நெனச்சேன், என்ற பொண்ணு கை இப்படி ஆகக்கூடாது. அவ கையில நூலு இருக்கோணும், ஊசி இருக்கோணும், வெள்ளையா இருக்கோணும். இதைச் சொன்னா ரெஜினா மேடத்துக்குப் புரியுமா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

அவளும் சின்னதுலயே அப்படித்தானுங்க, அதை மறைக்கறதுக்கில்ல. அந்தா, அந்த மூட்டை மேலதான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. தலையைத் தூக்காமலே “அம்மா, சத்தம் மாறுது”ம்பா. போய்ப் பாத்தா பெல்ட்டு ஓரத்துக்கு வந்துருக்கும். காது அப்படி. நான் வெய்வேன், பாடத்தைப் பாருடீன்னு. பையன் மோட்டாரு போட்டா அடுப்படிக்குள்ள ஓடிருவான். ரசத்துக்குத் தாளிப்புப் போட்டா தெருவே மணக்கும். ஆம்பளப்பையன், ரசம்! அதனாலதான் நான் சீக்கிரம் சரி பண்ணோணும்னு பாத்தேன்.

ஐடிஐ கவுன்சிலிங்குக்கு ரெண்டையும் கூட்டிட்டுப் போனேன். பெரிய ஹாலு, முன்னால டிவி மாதிரி வெச்சு எந்தத் தொழிலுக்கு எத்தனை சீட்டு காலியா இருக்குன்னு காட்டறாங்க. பையன் முறை வந்துச்சு. ஃபிட்டருன்னேன். போட்டுக்கிட்டாங்க. அவன் என்னைக்கு வாயத் தொறந்தான். அடுத்து இவ. அங்க உக்காந்திருந்த ஆபீசரு என்னையப் பாக்காம இவளைப் பாத்துக் கேக்கறாரு, “நீ சொல்லும்மா, என்ன ட்ரேடு வேணும்? ஃபிட்டர்ல பொண்ணுங்க சீட்டு இன்னும் இருக்கு.” இவ வாயத் தொறந்தா. நான், “தையலுங்க சார்”னேன். அந்தாளு விடல, “பொண்ணு சொல்லட்டுமே”ங்கறாரு. இவ என்னையப் பாத்தா. நான், “அவ பேசமாட்டா சார். நான் சொல்றதுதான்”னேன்.

அன்னையிலிருந்து பேசலீங்க. பேசமாட்டான்னு நான் சொன்னதை அப்படியே புடிச்சுக்கிட்டா பாருங்க. அழுத்தக்காரி. தையலுக்குப் போனா, ஒருநா கூட மட்டம் போடல. வந்து சோறு போட்டாத் திம்பா, தண்ணி எடுத்து வெப்பா, துணி மடிப்பா. அப்பன்கிட்டப் பேசுவா, கூடப்பொறந்தவன்கிட்டச் சிரிப்பா. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. இந்த மில்லுக்குள்ள கால் வெக்கறதையும் விட்டுட்டா. நானும் எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்னு இருந்தேன். பெத்தவளுக்கு வீம்பு இருக்காதுங்களா?

பையனா? அவன் கதை வேற. சேந்து கொஞ்ச நாள்ல வாத்தியாரு கூப்புட்டுவிட்டாரு. “இரும்பை அரத்தால ராவச் சொன்னா உங்க பையனுக்குக் கையே வரமாட்டேங்குதும்மா. ஆனா ஆஸ்டல்ல சமையக்காரன் லீவு போட்ட அன்னைக்கு இவன் செஞ்ச குழம்பைப் பையனுங்க இன்னும் பேசறாங்க”ன்னாரு. நூறு பையனுங்களைப் பாக்கறவரு, ஆளு மாறிப் போயிருக்கும். அப்பறம் ஒரு பொங்க லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகல. ஒரு சமையல் மாஸ்டர்கூடச் சேந்துக்கிட்டு கண்ணால மண்டபம் மண்டபமாச் சுத்தறான். ஊருக்குள்ள கேட்டா நான் கம்பெனியில இருக்கறான்னுதான் சொல்லிட்டிருக்கறேன். நீங்களும் அப்படியே வெச்சுக்கங்க. போன மாசம் எங்க சின்ன மாமனாரு பேத்தி கண்ணாலத்துல இவன்தான் சமையலு. சாப்புட்டவிய எல்லாம் என்கிட்ட வந்து மாஸ்டரு யாருன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். அடுப்படிப் பக்கமே போகல. இலையில இருந்ததை மட்டும் ஒண்ணு விடாமத் தின்னுட்டு வந்தேன், அதுல என்ன குத்தம்?

பொண்ணு இப்பத் திருப்பூருல. பனியன் கம்பெனி, அங்கயே ஆஸ்டலு. நாள் பூரா சட்டைக்குக் காலரு மட்டும் தெக்கறாளாம். முழுச்சட்டை கூட இல்ல, காலரு. எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிருக்கறா. ஒருநா பக்கத்துப் பொண்ணு மெசினு நின்னு போச்சாம். மெக்கானிக்கு வர்றதுக்குள்ள இவ கழட்டி ஓட வெச்சுட்டா. சூப்பர்வைசரு வந்து, உன்னை யாரு தொடச் சொன்னா, உன் வேலை காலருன்னு எல்லாரு முன்னாலயும் வெச்சுத் திட்டிருக்கறான். பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன், பொட்டப்புள்ளைய எவன் மெசின்ல விடுவான்னு. நான் சொன்னதுதானே நடந்துச்சு? அவரு போன்ல இதைச் சொல்றப்ப எனக்கு அந்தச் சூப்பர்வைசரைப் போய் நாலு கேள்வி கேக்கலாம்னு வந்துச்சு. வந்து என்ன பண்ண.

கை மட்டும் வெள்ளையா இருக்குதாம். அதையும் அவருதான் சொன்னாரு.

ஐடிஐயில அந்தப் பொண்ணுங்க சீட்டுக்கு வயசு ஏதாச்சும் உண்டுங்களா? சும்மாத்தான் கேக்கறேன். ஒருக்கா தையல் படிச்சவிய மறுக்காப் போய் அந்த மோட்டார் மெக்கானிக்குல சேரலாமா, விடுவாங்களான்னு. சேக்கறதுக்கில்ல. தெரிஞ்சு வெச்சுக்கலாமேன்னுதான். நீங்க விசாரிச்செல்லாம் வைக்க வேண்டாம். வேணும்னா விசாரிங்க.

ஆ, வந்துருச்சு கரண்டு. தூக்குப்போசியக் குடுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புடவை சிக்கிக்கும். இப்பப் போடறேன் பாருங்க.

கேக்குதுங்களா அந்தக் கீச்சுச் சத்தம்? மோட்டாரு சுத்துது, கல்லு சுத்தமாட்டேங்குது. இதே கெரகந்தானுங்க. வாரம் பூரா ஒழுங்கா ஓடும். ஞாயித்துக்கெழமையானா இதுக்கு ஏதாச்சும் வந்துரும். இருங்க, அணைக்க வேண்டாம், கத்தட்டும். போன் எங்க வெச்சேன்? கிரீசுக் கையோட அமுக்குனா இது ஒரு எழவு, தேயமாட்டேங்குது. நீங்க கொஞ்சம் அமுக்கறீங்களா? ‘சுகன்யா’ன்னு இருக்கும். ஸ்பீக்கர்ல போடுங்க.

அவளுக்குத்தான். அவ போயி கொஞ்ச நாள்ல ஒருக்கா நெசமாவே மோட்டாரு இப்படிக் கத்துச்சுங்க. அன்னைக்கு எதுக்கோ அவளுக்குப் போன் அடிச்சுட்டு, எடுக்கமாட்டான்னு தெரிஞ்சே நின்னுக்கிட்டிருக்கறேன். எடுத்தா. அலோன்னு கூடச் சொல்லல. சத்தம் கேட்டிருக்குது. “மோட்டார்கிட்ட வை”ன்னா. அவ குரலு மாறிப் போச்சுங்க, பெரிய பொம்பளையாட்டம். நான் வெச்சேன். கேட்டுட்டு, என்ன கோளாறுன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. எடுத்துட்டாளா? சத்தம் போடாதீங்க.

“சுகன்யா, மோட்டாரு...”

“வை.”

இந்தா, வெச்சுட்டேன், கேக்குதா கண்ணு?

“பெல்ட்டு வழுக்குது. வடக்குப் பக்கத்து நட்டு.”

அவ்வளவுதான். வெச்சுட்டா. பாத்தீங்களா, திருப்பூருல இருந்துக்கிட்டு எந்தப் பக்கத்து நட்டுன்னு சொல்றா. என்கிட்டப் பேசமாட்டா, மோட்டாருன்னா பேசுவா. இதுதான் நீங்க படிப்புச் சொல்லித் தந்த லட்சணம். சாப்டியான்னு கேக்கலாம்னு ஒவ்வொரு வாரமும் நெனைக்கறேன், அதுக்குள்ள வெச்சுருவா.

மோட்டாரை அணைச்சுட்டேன். அந்தப் பெட்டியில ஸ்பேனரு இருக்கும், எடுங்க. அந்தப் பெருசு. ம், இப்படி ஒரு சுத்து, இன்னொரு சுத்து. தீந்துது. இப்பப் போட்டாச் சத்தம் எப்படி இருக்குது? பாலாட்ட ஓடுது. கொட்டுங்க மொளகாயை. என்ற கண்ணா? அது நெடிங்க. இன்னும் மொளகாயே உள்ள எறங்கலைங்கறீங்களா? நேத்து அரைச்ச மிச்சம் இருக்கும். கேள்வி கேக்கறதுக்குன்னே சம்பளம் வாங்கறீங்க போல.

இந்தாங்க, ஆறவெச்சு டப்பாவுல போடுங்க. சூட்டோட மூடுனா கட்டி புடிச்சுக்கும்.

என்ன? இத்தனை தெரிஞ்ச நான் அந்த நட்டை நானே பாத்து முறுக்க மாட்டனான்னு கேக்கறீங்களா? அதுவும் ஞாயித்துக்கெழமையானா மட்டும் அது எப்படி லூசாகுதுன்னா?

ரெஜினா மேடம் மாதிரியே இருக்கறீங்க. நீங்க உள்ள வர்றப்ப என்ற கையில என்ன இருந்துச்சு? பாத்தீங்கல்ல. நட்டு தானா லூசாகாதுங்க அம்மிணி. ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு. காத்தால மில்லு தொறந்ததும் நாந்தான் அந்த நட்டை ரெண்டு சுத்து லூசு பண்ணி வெக்கறேன். வேற எதுக்குக் கூப்புட்டாலும் அவ எடுக்கமாட்டா.